காங்கிரீட் கொட்டுவதற்கு முன்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். 'தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் எல்லாம் எங்கே நுழைந்து எங்கே போகிறது என்று, சுவரில் கடப்பாரை படுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்' என்று எழுதினேன். யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கே எரிச்சல் வந்தது. சரி, கேட்காத ஒருத்தியைப் பற்றி எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். அப்படி வந்து சேர்ந்தவள்தான் இந்த அக்கா.

2

முதல் தொடக்கம்: இடிந்த சுவர்களின் மேல் காலைச் சூரியன் பொன்னிறமாக—

(வேண்டாம். சூரியனைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்?)

இரண்டாவது: தெருமுனைக்குக் காங்கிரீட் லாரி வந்துவிட்டது. அதன் உருளை நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. தோண்டிப் போட்ட சமையலறைத் தரையில் குனிந்து நின்ற கொத்தனார் கேட்டார்: "அக்கா, இந்த பைப் யாரோடது?"

துருப்பிடித்த இரும்புக் குழாய். தெருவிலிருந்து வந்து, சமையலறைக்கு அடியில் ஓடி, நடுச்சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. அந்தப் பக்கம் தம்பி வீடு.

3

(கொத்தனாரை முதலில் எல்லாம் தெரிந்த ஞானியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கலந்து வந்த காங்கிரீட்டைத் திருப்பி அனுப்ப முடியாது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.)

அக்கா பிளம்பருக்கு போன் போட்டாள்.

"நான் அன்னைக்கே தலைபாடா அடிச்சிக்கிட்டேனே! லைன் எங்க போகுதுன்னு பாத்துட்டு இடிங்கன்னு. நீங்கதான் கடைசில பாத்துக்கலாம்னீங்க."

உண்மைதான். அப்போது அவள் டைல்ஸின் நிறத்தில் மூழ்கியிருந்தாள்.

"இப்ப என்ன பண்றது, அதைச் சொல்லுங்க."

"அவங்களுக்குத் தனியா லைன் இழுக்கணும். அதுக்கு அவங்க வீட்டுக்குள்ள போய்ப் பாக்கணும். கொட்டறதுக்கு முன்னாடி."

அவங்க வீட்டுக்குள்ள. அக்கா போனைக் கீழே வைத்தாள்.

4

பாகம் பிரித்தபோது அறைகளைப் பிரித்தார்கள், கதவுகளைப் பிரித்தார்கள், அண்டா குண்டாவைக்கூட எண்ணிப் பிரித்தார்கள். குழாய் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. சமையலறை அக்காவுக்குப் போனதில் தம்பிக்கு ஆத்திரம். வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி கத்தினான்: "இனிமே உன் வீட்ல பச்சைத் தண்ணி கூடத் தொட மாட்டேன்!"

அன்றோடு பேச்சு நின்றது. அவனுக்குக் குழந்தை பிறந்ததே, சுவருக்கு மேலே கொடியில் காய்ந்த குட்டித் துணிகளைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். அத்தை என்று பேர், தம்பி பிள்ளையின் முகம்கூடப் பார்த்ததில்லை.

ஆக, வீறாப்பாகச் சபதம் போட்டவன் இத்தனை வருஷமாகக் குடித்தது, குளித்தது, பிள்ளையைக் குளிப்பாட்டியது எல்லாம் அவள் வீட்டுத் தண்ணீரில். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

5

முடிவு அ: குழாயை அறுத்து அடைத்துவிட்டு, காங்கிரீட்டைக் கொட்டச் சொல்லி— (கைக்குழந்தை இருக்கிற வீடு. எழுத எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு ஆ: கண்டும் காணாமல் மேலேயே கொட்டுவது. துரு தின்ற குழாய் என்றைக்காவது வெடிக்கும். அன்றைக்கு இவள் தரையும் போகும், அவன் தண்ணீரும் போகும். சண்டை மட்டும் பத்திரமாக இருக்கும்.

முடிவு இ: ஓடிப்போய்க் கட்டிப் பிடித்து இரண்டு பேரும் ஓவென்று— (சும்மா இருங்கள்.)

6

"தெருப்பக்கம் இருக்கற வால்வை மூடிப் பாத்துடலாம்க்கா. அவங்க லைனான்னு தெரிஞ்சிடும்" என்றார் கொத்தனார்.

அவளே போய் மூடினாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. குழந்தை வீறிட்டது. ஸ்டூல் ஒன்று இழுபடும் சத்தம். சுவருக்கு மேலே தம்பியின் தலை எழும்பியது. காதோரம் நரைத்திருந்தது. இவனுக்கு எப்போது நரைத்தது? முழங்கை வரை சோப்பு நுரை.

கீழே திறந்து கிடந்த குழாயைப் பார்த்தான். அது போகும் திசையைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. புரிந்துவிட்டது.

"அக்கா," என்றான். அந்த வார்த்தையை அவன் வாயால் அவள் கேட்டு எத்தனை வருஷம்! "தண்ணி நின்னுடுச்சு."

அவள் நாக்கு நுனியில் இரண்டு வாக்கியங்கள். 'இவ்வளவு நாளும் யார் வீட்டுத் தண்ணிடா குடிச்சே?' இது வருஷக்கணக்காகக் காத்திருந்த நியாயம். 'கதவைத் திற, நான் உள்ள வரணும்.' இது இன்றைக்கு வேண்டியது. முதலாவதைச் சொல்லிவிட்டால் இரண்டாவதைச் சொல்ல முடியாது.

எதைச் சொன்னாள் என்று நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கும் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருப்பார்கள், நீங்களே சொல்லுங்கள். ஆனால் சீக்கிரம். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். உள்ளே குழந்தை கண்ணில் நுரையோடு அழுகிறது. அக்கா அண்ணாந்து தம்பியைப் பார்க்கிறாள், வாயைத் திறந்துவிட்டாள்.

"டேய்,