பூதத்துக்கும் ஒரு பிடி மீன்

கிளிஞ்சல்மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. படகைக் கரையேற்றக் கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும், அவருக்குக் குழம்புக்கு ஒரு பிடி மீன் கொடுத்துவிடுவார்கள். வழிப்போக்கருக்கும் உண்டு. என் தோழி மதிவதனிக்கு மட்டும் கிடையாது. கல்லூரி விட்டதும் ஓடிவந்து அப்பா காத்தமுத்துவின் படகைத் தினமும் இழுக்கிறவள் அவள். "வீட்டுப் புள்ளைக்கு என்ன பங்கு?" என்பார் அவர். கேட்டால் எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, உம்மா ஆக்கி டிபன் கேரியரில் தந்த மீன் ஆணத்தோடு, அதாவது மீன் குழம்போடு, மதியைப் பார்க்கப் போனேன். கரையில் ஒரே கூட்டம். அலை உடைகிற இடத்துக்கு அப்பால் காத்தமுத்து மாமாவின் படகு மாட்டிக்கொண்டு நின்றது. எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கயிறு வீசி ஊரே இழுத்தது, கயிறுதான் அறுந்தது.

அப்போது படகுக்குப் பின்னால் ஒரு தலை எழுந்தது. தண்ணீர்த் தொட்டி அளவுக்குத் தலை, பாசி படர்ந்த முடி. கடல்பூதம்! மீசை முறுக்குகிற ஆம்பளைகள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். நானும்தான் ஓடினேன், பொய் சொல்வானேன்.

மதி ஓடவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"எங்கப்பாவ விடு! என்ன வேணும் ஒனக்கு?"

"பங்கு," என்றது பூதம். "அலையில படகு கவுறாம தெனமும் பின்னாலேருந்து தள்ளுறது நான். கயித்தத் தொட்டவனுக்கெல்லாம் மீனு. எனக்கு?"

வேறு யாருக்கும் புரிந்திருக்காது. மதிக்கு உடனே புரிந்துவிட்டது.

"நியாயந்தான். அப்பா, ஒரு பிடி அள்ளிக் குடுங்கப்பா!"

"பச்ச மீனுக்கா எனக்குப் பஞ்சம்? கொழம்பா வேணும்."

அதற்குள் நான் அலையோரம் திரும்பி வந்திருந்தேன். மதி திரும்பி என் கையிலிருந்த டிபன் கேரியரைப் பார்த்தாள். "வேணாம்டி" என்று நான் சொல்வதற்குள் பிடுங்கிக்கொண்டு, அதைத் தலைக்கு மேல் தூக்கியபடி ஒற்றைக் கையால் நீந்தினாள். அந்த அலையில்! எனக்கு உயிர் போய் வந்தது.

பூதம் ஒரே வாயில் முழுங்கியது. "உப்பு கம்மி," என்றது. பிறகு படகை அலுங்காமல் தூக்கி மணலில் வைத்தது.

படகிலிருந்து இறங்கிய மாமா, ஓடிப்போய்த் திரும்பி வந்த எல்லோருக்கும் வழக்கப்படி மீன் அள்ளிக் கொடுத்தார். அலைக்குள்ளிருந்து பூதம் கேட்டது: "இவளுக்கு?"

"அது எங்க வீட்டுப் புள்ளதானே..."

சொல்ல வந்தவர் நிறுத்தினார். நனைந்து நின்ற மகளைப் பார்த்தார். கயிறு உரசிச் சிவந்திருந்த அவள் உள்ளங்கையைப் பார்த்தார். இருந்ததிலேயே பெரிய கொடுவா மீனை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். மாமா கண்கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

மதி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

"உம்மாகிட்ட குடு, சுஹைனா. நாளைக்கு உப்புத் தூக்கலாப் போடச் சொல்லு."