பச்சைத் தீற்றல்

யம்மா இறந்த நாற்பதாம் நாள் விருந்து முடிந்து, கடைசி விருந்தாளியும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போன மதியத்தில், ஸஹூர் கணவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். சட்டம் போட்டு மாட்ட, தன்னைப் பெற்ற யம்மாவின் படம்.

"ஒண்ணா? ஆயிரம் இருக்கும்," என்றான் தாமி.

மொராக்கோவின் தெத்துவான் நகரில் அவனை எல்லோரும் உஸ்தாத், அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவார்கள். மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து காமிராக்காரர்களை மதீனா எனப்படும் பழைய நகரின் சந்துகளுக்குள் அழைத்துப் போய், ஏதாவது ஒரு கதவுக்கு முன்னால் நிறுத்தி, நாற்பது நிமிடம் வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவான். அதுவரை வீட்டுக்காரர் வெளியே வர வழியில்லாமல் உள்ளே காத்திருப்பார்.

கணினியைத் திறந்தான். படங்களை அவன் வருடவாரியாகவோ ஆள்வாரியாகவோ அடுக்கியிருக்கவில்லை; லென்ஸ், அதன் துளை அளவுப்படி அடுக்கியிருந்தான். '85 மி.மீ., 1.4, ஜன்னல்'. '50 மி.மீ., 1.2, மாலை'. பெருநாள் எதில், தங்கையின் திருமணம் எதில் என்பது லென்ஸுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

யம்மா ஒருநாளும் படத்துக்கு நின்றதில்லை. "என் மூஞ்சிய வச்சு என்ன பண்ணப் போற மருமகனே, பொண்டாட்டிய எடு" என்று பின்னால் நகர்ந்துவிடுவாள். ஆனால் அறையை விட்டுப் போகமாட்டாள். மகளின் தோளுக்குப் பின்னால், பச்சைக் கஃப்தான் அங்கியில், 'க்ளிக்' கேட்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இருபத்திரண்டு வருட வெள்ளிக்கிழமைகள் இப்படித்தான் போயின, தட்டில் கூஸ்கூஸ் ரவைச்சோறு ஆறிப்போகும்.

முதல் படம் திறந்தது. ஸஹூரின் இமைமயிர்களை எண்ணிவிடலாம். பின்னால் ஒரு பச்சைத் தீற்றல், அதன் மேல் கோதுமை நிறத்தில் ஒரு சின்னத் தீற்றல்.

"அந்தப் பின்னணியப் பாரு," என்றான் தாமி, பழக்கதோஷத்தில். "வெண்ணெய் மாதிரி கரைஞ்சிருக்கு. லென்ஸ் துளைய முழுசாத் தொறந்தாத்தான் இப்படி வரும். கொஞ்சம் சுருக்கினாலும் பின்னாடி இருக்கிற குப்பையெல்லாம் தெளிவா..." நிறுத்திக்கொண்டான். "யம்மாவச் சொல்லல."

"தெரியும். அடுத்தது தொற."

அடுத்ததிலும் பச்சை. அதற்கடுத்ததிலும். வருடம் ஏற ஏற லென்ஸின் விலையும் ஏறியிருந்தது. யம்மா இன்னும் அழகாகக் கரைந்திருந்தாள். நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே இந்த வீட்டில் அவளைக் கரைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

தாமி ஒரு மென்பொருளை ஓடவிட்டான். தீற்றலுக்குள்ளிருந்து மெல்ல ஒரு முகம் திரண்டு வந்து, வரிசைப் பல் தெரியச் சிரித்தது.

"இது யாரு?"

"யம்மாதான். மென்பொருள் கணிச்சுப் போட்டது."

"யம்மாவுக்கு முன்பல்லு ரெண்டு கெடையாது, தாமி. உன் மென்பொருள் பல்லு கட்டி அனுப்பியிருக்கு."

அவன் அதை மூட, பழைய தீற்றல் திரும்பி வந்தது. அவள் கேட்டாள்: "இத்தன வருஷத்துல அந்தக் காமிரா ஒரு தடவகூட தப்பு பண்ணலையா?"

"பண்ணும். சில சமயம் ஃபோகஸ் உன்ன விட்டுட்டு, பின்னாடி அவங்க மேல போய் நிக்கும்."

"அந்தப் படமெல்லாம் எங்க?"

தாமி காதைச் சொறிந்தான். தப்பான படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்பது மாணவர்களுக்கு அவன் சொல்லும் முதல் பாடம். "அங்கயே அழிச்சிடுவேன்," என்றான்.

அவளுக்குப் போன பெருநாள் நினைவுக்கு வந்தது. காமிராவின் முதுகைப் பார்த்து அவன் உச்சுக்கொட்டியதும், பின்னாலிருந்து யம்மா பதறியதும்.

"நான் அசைஞ்சுட்டேனா, மருமகனே?"

"உங்க மேல தப்பில்ல, லல்லா," என்றான் அவன், பெரிய பெண்களைக் கூப்பிடும் மரியாதையில். "நீங்க படத்துலயே இல்ல."

யம்மா நிம்மதியாகச் சிரித்திருந்தாள். அவள் முகம் தெளிவாக விழுந்திருந்த படத்தை அவன் கட்டைவிரல் அதற்குள் அழித்துவிட்டிருந்தது.

"35 மி.மீ. இன்னும் பாக்கல," என்றான் தாமி. குரலில் உஸ்தாத் யாரும் இல்லை.

"அப்புறம் பாரு. இது இருக்கட்டும்."

அவன் எழுந்து போனான். ஸஹூர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் அவளுடைய இமைகள் போயின, மூக்கு போனது. இப்போது அங்கே இரண்டு தீற்றல்கள்: முன்னால் அவள் உடையின் சிவப்பு, அதன் தோளை ஒட்டி ஒரு பச்சை. இரண்டும் ஒரே அளவுக்குக் கரைந்து, எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று தெரியாமல் நின்றன.