தட்டில் மிஞ்சிய கடைசி ஒன்று

அமெரிக்காவுக்குக் குடிவந்த ஜப்பானியர்களின் பேட்டையான எங்கள் லிட்டில் டோக்கியோவில் பாரம்பரியத்துக்குப் பஞ்சமில்லை. சாப்பாட்டுக்குத்தான் பஞ்சம் வந்துகொண்டிருக்கிறது. ஒரு கடை மூடியதும் அந்த இடத்து நடைபாதையில் ஒரு பித்தளைத் தகடு பதித்துவிடுவார்கள். இங்கே இன்னார் டோஃபு விற்றார், இங்கே இன்னார் முடி வெட்டினார். முதல் தெருவில் நடந்தால் கல்லறைத் தோட்டத்தில் நடக்கிற மாதிரி இருக்கும். பூ வைக்கத்தான் ஆளில்லை.

தகடு பதிப்பவர் டாக்டர் வெஸ்லி தகாஹாரா. பல் டாக்டர், பாரம்பரியக் காப்புக் குழுவின் தலைவர். வீடு இங்கே இல்லை, டாரன்ஸில். சனிக்கிழமை காரில் வந்து எங்களைக் காப்பாற்றிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். என் கணவர் ஸ்டான்லி ஒகிமோட்டோவும் அவரும் புத்தர் கோவில் ஞாயிறுப் பள்ளியில் ஒரே பெஞ்சு. அதனால் ஸ்டான்லிக்கு அவர் இன்னமும் வெறும் வெஸ்.

எங்களுடையது ஒகிமோட்டோ சாப்பாட்டுக்கடை. போர்க்காலத்தில் ஜப்பானியர்களை அரசாங்கம் அடைத்து வைத்த முகாமிலிருந்து திரும்பி வந்து மாமனார் போட்டது. சுவரோரம் ஓடுகிற நீள மேஜை, அதன் முன்னால் சுழலும் சிவப்பு முக்காலிகள். சோற்றின் மேல் பன்றிக் கறி வறுவல், பக்கத்தில் முட்டை, குழம்பு கேட்டால் குழம்பு. அடுப்படியில் ஸ்டான்லியும் எர்னெஸ்டோவும். எர்னெஸ்டோ எல்லைக்குத் தெற்கே வஹாக்காவிலிருந்து வந்தவன், எங்கள் கடையிலேயே தலை நரைத்தவன். வாசலில் நான். எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும், வாசலில் நிற்கிறவளுக்கு வாய் இல்லாமல் முடியுமா?

சில வருஷங்களுக்கு முன்னால் கட்டடத்தை ஒரு கம்பெனி வாங்கியது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம். நகராட்சி ஒரு நிபந்தனை போட்டது: கீழ்த்தளத்தில் ஒரு இடத்தையாவது இந்தத் தெருவின் பழைய ஆட்கள் யாருக்காவது பழைய வாடகைக்கே தர வேண்டும். தெருவில் மிஞ்சியிருந்த பழைய கடை எங்களுடையது மட்டும்தான். அந்த இடம் கிடைத்தால் கடை உண்டு, இல்லையென்றால் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். உங்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெயர் என்ரியோ. யாராவது ஒன்றைக் கொடுத்தால் உடனே வாங்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் மறுபடி கேட்க வேண்டும், மறுபடியும் வேண்டாம். மூன்றாவது தடவை கேட்கும்போது, ஐயோ உங்களுக்குச் சிரமம் என்று முனகிக்கொண்டே வாங்கிக்கொள்ளலாம். விருந்தில் தட்டில் கடைசியாக ஒன்று மிஞ்சினால் அதை ஒருவரும் தொட மாட்டார்கள். ஒருத்தி பாதியாக வெட்டி எடுப்பாள், அடுத்தவள் அந்தப் பாதியில் பாதியை எடுப்பாள். கடைசியில் ஈ மொய்க்கிற அளவுக்கு ஒரு துணுக்கு மிஞ்சும். அதையும் காகிதத்தில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். எழுபத்தைந்து வயதிலும் இந்தக் கூத்தை மரியாதை என்று நினைக்கிற ஜனம். வீட்டைக் காலி செய் என்று அரசாங்கம் சொன்னபோதுகூடத் தரையைப் பெருக்கித் துடைத்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு முகாமுக்குப் போன ஜனம். எனக்கு இதை நினைத்தால் பெருமை வருவதில்லை, பற்றிக்கொண்டுதான் வருகிறது.

கூட்டம் கோவில் மண்டபத்தில் நடந்தது. கம்பெனி சார்பில் மிஸ் டார்பி என்ற இளம்பெண் வந்திருந்தாள். குழுவினர் பத்துப் பேர் ஒரே மாதிரி கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டில் பயறுப் பூரணம் வைத்த மன்ஜூ. நான் உள்ளே சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தேநீரோடு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தட்டில் மிஞ்சிய கடைசி மன்ஜூவை மிஸ் டார்பி எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொண்டாள். பத்துப் பேரும் அந்தக் காலித் தட்டையே பார்த்தார்கள். ஸ்டான்லி மட்டும் சிரித்த முகமாக இருந்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"என்ன சொன்னா?"

"இடத்தை நமக்கே தர்றதா சொன்னா."

"நீ?"

"வேணாம்னேன். எங்களுக்கு எதுக்கு, எங்களைவிடத் தகுதியானவங்க இருப்பாங்கன்னேன்."

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

"அவ என்ன சொன்னா?"

"சரி, உங்க விருப்பம்னு சொன்னா. ஏதோ எழுதிக்கிட்டா." அவனுக்கே கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும், குரல் இறங்கியது. "திரும்பக் கேப்பாங்க ஜாய்ஸ்."

"யாரு, அவளா? தட்டுல இருந்த கடைசி மன்ஜூவைத் தூக்கி முழுங்குனவ திரும்ப வந்து கேப்பாளா?"

"வெஸ் பக்கத்துலதானே இருந்தான். அவன் சொல்லிக்குவான் அவகிட்ட."

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று ஊரெல்லாம் தெரியும். எங்கள் ஆட்களோ, பிள்ளை பால் வேண்டாம் என்றால் எவ்வளவு நல்ல பிள்ளை என்று பாராட்டிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவார்கள். மறுநாளே வெஸ்லிக்குப் போன் செய்தேன்.

"கவலைப்படாதீங்க ஜாய்ஸ். ஸ்டானோட அடக்கம் இருக்கே, அதுதான் நம்ம பாரம்பரியம். கூட்டத்துல பாதிப் பேருக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

"கலங்கட்டும். அவகிட்டப் பேசுனீங்களா?"

"சமயம் பார்த்துப் பேசறேன்."

சமயம் வரவேயில்லை. ஸ்டான்லியை நீயே போய்க் கேள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டான். வேண்டாம் என்று சொன்ன வாயால் வேண்டும் என்று கேட்பது அவனுக்குத் தெருவில் துணியில்லாமல் நிற்பது மாதிரி. இந்த ஆளைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிய என்னைத்தான் சொல்ல வேண்டும். கடைசியில் நானே கிளம்பி மிஸ் டார்பியின் ஆபீசுக்குப் போனேன்.

"என் புருஷன் வேணாம்னு சொன்னது வேணாம்னு அர்த்தமில்லம்மா," என்றேன்.

அவள் என்னை உண்மையான இரக்கத்தோடு பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. கொடுத்தாள், இவன் வேண்டாம் என்றான், அவள் போய்விட்டாள். இதில் அவள்மேல் என்ன தப்பு?

"யாராவது அப்பவே சொல்லியிருந்தா நான் காத்திருப்பேன் மேடம். இப்ப அந்த இடத்தை வேற ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்தாச்சே."

"யாருக்கு?"

"உங்க குழுவுக்குத்தான். பாரம்பரியக் கூடம் வைக்கப் போறாங்க. டாக்டர் தகாஹாரா கூட்டம் நடந்த அன்னிக்கு மத்தியானமே சரின்னுட்டாரு."

அன்றைக்கு மத்தியானமே. ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லாமல். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்த ஓநாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே பட்டியையும் தன் பேருக்கு எழுதிக்கொண்டது.

ஸ்டான்லியிடம் சொன்னேன். அன்று அவன் வறுத்த கறியெல்லாம் கருகியது, எர்னெஸ்டோ சத்தமில்லாமல் எடுத்துக் கொட்டினான்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு வெஸ்லி கடைக்கு வந்தார். வெறுங்கையோடு வர மாட்டார், அந்த மரியாதையெல்லாம் உண்டு. ஒரு பெட்டி மன்ஜூ. நான் அதைப் பிரித்துத் தட்டில் வைத்தேன். உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள், எர்னெஸ்டோ ஒன்று எடுத்துக்கொண்டான், வெஸ்லியும் ஒன்று தின்றார். வழக்கம்போல ஒன்று மிஞ்சி நின்றது. வாடிக்கையாளர்கள் எழுந்து போனதும் அவர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

"இந்த மேஜையும் முக்காலியும் கூடத்துக்கு வேணும் ஜாய்ஸ். வாசல் போர்டும். அப்படியே கடை மாதிரியே வைக்கப் போறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமா. ஸ்டானோட அப்பா பேர்ல பெரிய தகடு."

கடையை விழுங்கிவிட்டு அதன் எலும்பையும் காட்சிக்கு வைக்கக் கேட்கிறார்.

"வேணாம்," என்றேன்.

அவர் சிரித்தார். "அப்படிச் சொல்லாதீங்க. இது உங்களுக்கு நாங்க செய்ற மரியாதை."

"வேணாம் வெஸ்லி."

நாடாவை மேஜையின் ஒரு முனையில் பிடித்துக்கொண்டே குனிந்து, குரலைக் குழைத்தார். "உங்க அடக்கம் புரியுது. ஆனா ஊருக்காக, நம்ம பிள்ளைங்களுக்காக, நீங்க ஒத்துக்கத்தான் வேணும்."

நான் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"மூணு தடவை கேட்டுட்டீங்க."

"என்னது?"

"வேணாம்னு சொன்னா மூணு தடவை கேக்கணும்னு உங்களுக்கு நல்லாவே தெரியுது. அன்னிக்கு மண்டபத்துல அவன் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே, ஒரு தடவை கேக்க முடியலையா?"

அவர் நாடா சுருண்டு சடாரென்று பெட்டிக்குள் போனது. முகம் சிவந்தது, காது வரைக்கும். பிறகு அந்த மனுஷன் செய்ததைக் கேளுங்கள்: என்னை விட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். யார் எதைக் கேட்டாலும் ஸ்டான்லியின் வாயிலிருந்து இல்லை என்ற வார்த்தை வராது என்று அந்தப் பெஞ்சுக் காலத்திலிருந்தே அவருக்குத் தெரியும்.

"ஸ்டான், நீயே சொல்லுப்பா. உங்க அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

ஸ்டான்லி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். வெஸ்லியைப் பார்க்கவில்லை. மேஜையின் மேலிருந்த தட்டைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து எந்த விருந்திலும், எந்தச் சாவு வீட்டிலும், எங்கள் சொந்தச் சாப்பாட்டு மேஜையிலும்கூட அவன் கடைசித் துண்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கையை நீட்டி அந்த மன்ஜூவை எடுத்தான். வெட்டவில்லை. முழுதாக வாயில் போட்டு, நின்றபடியே, நிதானமாக மென்று தின்றான். வெஸ்லி பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பா சரின்னுதான் சொல்லியிருப்பாரு," என்றான் ஸ்டான்லி, பூரணத்தை நாக்கால் துழாவிக்கொண்டே. "நான் தரலை. திரும்பக் கேக்காதே வெஸ்."

கடை மாதக் கடைசியில் மூடியது. அதற்கு மாற்றில்லை, இடம் போனது போனதுதான். புதுக் கட்டடம் எழும்பி, கூடத்தையும் திறந்துவிட்டார்கள். உள்ளே எங்கள் மேஜையின் புகைப்படத்தைச் சுவர் நீளத்துக்கு ஒட்டியிருக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கப் போவதுமில்லை.

மேஜையும் முக்காலிகளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாய்ல் ஹைட்ஸில், எர்னெஸ்டோ தன் மச்சானோடு போட்டிருக்கிற கடையில் இருக்கின்றன. சோற்றின் மேல் பன்றிக் கறி வறுவல் அங்கே கிடைக்கும், மிளகாய் கொஞ்சம் தூக்கலாக. கடையைக் காலி செய்த அன்று அவன் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஸ்டான்லியின் முன்னால் வந்து நின்றான்.

"இந்த மேஜையை எனக்குத் தருவீங்களா முதலாளி?"

ஒரு தடவைதான் கேட்டான். ஸ்டான்லி சரி என்றான்.