நம்ம எண்ணெய்

கிதிர் முகம்மதுவின் கடைக்கு வரும் இயந்திரங்களில் பாதி தானாகக் கெட்டவை, மீதி ஆள் கெடுத்தவை. கெடுத்தேன் என்று இதுவரை ஒருத்தரும் ஒத்துக்கொண்டதில்லை. புளியங்குடியிலிருந்து எலுமிச்சைக்கு மருந்தடிக்கும் மிஷினைத் தூக்கி வருகிறவரானாலும் சரி, வடகரையிலிருந்து தென்னந்தோப்புப் புல்வெட்டியைக் கொண்டு வருகிறவரானாலும் சரி, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்பதைத் தவிர வாயில் வேறு வராது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு அதற்கென்று இருக்கிற எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். வெறும் பெட்ரோலை ஊற்றி, பிஸ்டன் உருகி ஒட்டிக்கொண்டதும், பழியைக் கம்பெனிக்காரன் தலையில் போடுவார்கள். கிதிர் கழற்றிப் பார்த்த கையோடு உண்மையை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். சொல்லிச் சொல்லியே தென்காசியில் பாதிப்பேருக்கு ஆகாதவனாகியிருந்தான்.

அப்பேர்ப்பட்டவன் இசக்கிமணி அண்ணாச்சியிடம் மட்டும் பொய் சொல்லத் துணிந்தான்.

இசக்கிமணி குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அருவி சொட்டுச் சொட்டாகக் கூட விழாத ஒரு பங்குனி நாளில், பழைய போர்வையில் எதையோ சுற்றிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். அவிழ்த்தால் கார். வெள்ளாட்டுக்குட்டி அளவு இருந்தது. பொம்மைதான், ஆனால் பெட்ரோல் குடிக்கிற பொம்மை. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஓட்டுவது.

"புல்வெட்டி எஞ்சினும் இதும் ஒரே சாதின்னாவ. நீரு பாத்தா சரியாயிரும்னாவ, பாய்."

கிதிர் புரட்டிப் பார்த்தான். இழுகயிறு அசையவில்லை. எஞ்சின் இறுகிக் கிடந்தது.

"யாரு காரு அண்ணாச்சி?"

"என் மவன் குற்றாலீஸ்வரனுக்கு உள்ளது" என்றார். பிறகு முழுவதையும் சொன்னார். மகன் தோஹாவில் வேலை பார்த்தான். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரன் ஒருவனிடம் இதைப் பழசாக வாங்கி, லீவில் வந்தபோது கொண்டுவந்தான். கார் நிறுத்தும் மைதானத்தில் அதை விட்டு ஓட்டு ஓட்டென்று ஓட்டினான். கிளம்பும்போது, 'மாசம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா, இல்லன்னா இறுகிரும்' என்று சொல்லிவிட்டுப் போனான். கலந்து வைத்திருந்த பெட்ரோல் தீர்ந்ததும், 'புதுசா வாங்கி, கொஞ்சம் எண்ணெ கலந்து ஊத்திக்கோங்க' என்று போனில் சொன்னான். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் வருவான். இவர் கயிற்றை இழுத்து ஓடவிட்டு, போனை எஞ்சின் பக்கத்தில் பிடிப்பார். அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

"ஒரு வெள்ளிக்கிழம போன் வரல. ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டு, இப்ப வருவான், இப்ப வருவான்னு ஓடவிட்டுக்கிட்டே இருந்தேன். கிரீச்னு ஒரு சத்தம். நின்னுட்டு. சாயங்காலம் அவன் கூட்டாளி போன் போட்டான். படுத்தவன் எந்திரிக்கலயாம்." தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அவன் மூச்சு நின்ன அன்னைக்கே இதும் நின்னுட்டு பாய். இரும்புக்குத் தெரிஞ்சிருக்கு. பெத்தவனுக்குத் தெரியல."

கிதிர் காரைத் தூக்கி மேசைமேல் வைத்தான்.

அவர் மடியிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே உறை பிரிக்காத புது பிஸ்டனும் ரிங்கும். "அங்கருந்து வந்த அவன் பெட்டியில இருந்துச்சு. எஞ்சின் கெட்டுப்போறதுக்கு முன்னாலயே வாங்கி வச்சிருக்கான் பாரும். போவப் போறோம்னு அவனுக்கு மனசுல பட்டிருக்கும் போல. அவன் நெனச்சது நடக்கட்டும். இத மாட்டி ஒருக்கா ஓடவச்சுத் தாரும்."

மறுநாள் கிதிர் எஞ்சினைக் கழற்றினான். சைலன்சரைத் திறந்ததும் குப்பென்று வாசம் அடித்தது. பெட்ரோல் வாசமில்லை. நல்லெண்ணெயில் மிளகும் வெட்டிவேரும் போட்டுக் காய்ச்சிய வாசம். குற்றாலத்தில் ஈரத்துண்டோடு நின்ற எவனுக்கும் அது தெரியும். நேற்று அண்ணாச்சியின் சட்டையிலும் அதுதான் அடித்தது. உள்ளே பிஸ்டன் ரிங் கருப்புப் பிசினில் புதைந்து அசையாமல் கிடந்தது.

எண்ணெ கலந்து ஊத்துங்க என்று மகன் சொன்னான். எண்ணெய் தேய்க்கிறவர் வீட்டில் எண்ணெய் என்றால் ஒரே எண்ணெய்தானே? தன் கையால் காய்ச்சியதை, உள்ளதில் நல்லதாகப் பார்த்து ஊற்றியிருக்கிறார் மனிதர். அவ்வப்போது கொஞ்ச நேரம் என்று ஓடியதால் எஞ்சின் தாக்குப் பிடித்தது. வராத போனுக்காக நெடுநேரம் ஓடிய அன்றைக்குத்தான் அது செத்தது.

அப்போதுதான் மேசைமேல் இருந்த புது பிஸ்டன் கிதிர் கண்ணில் பட்டது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு எவனாவது பிஸ்டன் வாங்குவானா? தன் சாவு முன்கூட்டித் தெரிந்தல்ல, எஞ்சின் சாகப்போவது தெரிந்துதான் அந்தப் பையன் வாங்கியிருக்கிறான். கிதிர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனான்.

மனைவி மெஹர் பானு கேட்டுவிட்டுச் சொன்னாள்: "புள்ளயப் பறிகொடுத்த மனுசன்ட்ட, எஞ்சினக் கெடுத்ததும் நீங்கதான்னு சொல்லப் போறியளா? மவன் போன அன்னைக்கே நின்னுச்சுன்னு ஒரு ஆறுதல் இருக்கு அவருக்கு. அதயும் புடுங்காதிய. ஒரு தடவயாவது வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

சும்மா இருப்பதென்றே அவன் முடிவு செய்தான். பிசினைச் சுரண்டினான். கார்புரேட்டரைப் பிரித்து ஊறப்போட்டுக் கழுவினான். துருப்பிடித்த திருகுகளை மாற்றி, விரிசல் விட்டிருந்த மேல்மூடியை உள்பக்கம் ஒட்டி, சக்கரங்களைத் துடைத்து நிறுத்தினான். சிலிண்டர் தப்பித்திருந்தது. புது பிஸ்டன் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. பழைய பிஸ்டனை எறிய மனமில்லாமல் மேசைமேல் வைத்தான்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். கிதிருக்குப் பழக்கமில்லாத வேலை அது. அண்ணாச்சி வருவதற்குள் டேங்கை நிரப்பி வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டான். அவர் வந்து எதிரே உட்கார்ந்த பிறகு, கைப்பழக்கத்தில் பெட்ரோல் பாட்டிலை எடுத்து, பச்சை எண்ணெயை அளந்து அதில் விட்டான்.

"அது என்னது பாய்?"

"டூ டி ஆயிலு" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆயிலுன்னா... எண்ணெயா?"

"எதுன்னாலும் ஓடும் அண்ணாச்சி. அது ஒண்ணுமில்ல."

அண்ணாச்சி கையை நீட்டினார். ஆயுசு முழுக்க எண்ணெயில் கிடந்த கை. ஒரு சொட்டை விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

"இது வேற. நான் நம்ம எண்ணெயல்லா ஊத்துனேன்."

கிதிர் துணியால் பாட்டிலின் வாயைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"அதாலதான் நின்னுச்சா பாய்? நீரு யாருட்டயும் பொய் சொல்லாத ஆளுன்னாவ. சொல்லும்."

"ஆமா அண்ணாச்சி" என்றான் கிதிர். "அன்னைக்கு ரொம்ப நேரம் ஓடவிட்டியள்லா. அதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேசைமேல் கிடந்த பழைய பிஸ்டனைப் பார்த்தார். பக்கத்தில் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தார். அதிலேயே பார்வை நின்றது.

"அப்ப அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா புது பிஸ்டன் வாங்குனான்?"

அண்ணாச்சி அந்தப் பையை எடுத்து விரலால் நீவினார். "ஒருக்கா கேட்டான் பாய். புகை வெள்ளையா வருதேப்பா, என்ன எண்ணெ ஊத்துனியன்னு. நம்ம எண்ணெதாம்லே, நேத்துக் காய்ச்சுனதுன்னேன். செத்த நேரம் பேச்சையே காணும். பொறவு சிரிச்சான். 'இங்கன வரைக்கும் நம்ம வீட்டு வாசம் அடிக்குப்பா'ன்னான். பொறவு மாசா மாசம் அதையே சொல்லுவான்." "அவனுக்குப் பிடிச்சிருக்கேன்னு நானும் மாசா மாசம் கூடக் கொஞ்சம் ஊத்துனேன்."

வாய்விட்டு அழுதார். ரோட்டில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மெஹர் பானுவின் பேச்சைக் கேட்டிருக்கலாமே என்று கிதிருக்கு மனம் அடித்துக்கொண்டது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவர் குடித்தார்.

"சரி. ஓடவையும்" என்றார்.

கடையை ஒட்டிய வெற்றிடத்தில் காரை இறக்கினான். கயிற்றை மூன்றாவது முறை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, திணறல் இல்லை, புகையும் அதிகமில்லை. ஒரே சீராக ஓடியது. ரிமோட்டை அவர் கையில் கொடுக்கப் போனான். அவர் வாங்கவில்லை.

"எனக்கு ஓட்டத் தெரியாது பாய். நின்ன எடத்துலயே ஓடட்டும்."

பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மொதல்ல இப்படித்தான சத்தம் வந்துச்சு?" என்றார். "நம்ம எண்ணெ ஊத்துன பொறவு இத ஒருக்காகூட நான் அவனுக்குக் கேக்க வைக்கலயே."

அப்புறம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். யாரையும் கூப்பிடவில்லை. அணைந்து கிடந்த போனை இரண்டு கையாலும் பிடித்து, எஞ்சினுக்குப் பக்கத்தில், முன்பு எப்படிப் பிடிப்பாரோ அப்படியே பிடித்தார்.

கிதிர் நிறுத்தும் பொத்தான்மேல் கைவைக்கப் போனவன், எடுத்துக்கொண்டான். ஊற்றியது தீரும்வரை ஓடட்டும் என்று அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.