மணிமொழி சொன்ன நிறம்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசைக் கணினிக்கு மென்பொருள் எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்காக இணையத்தில் தமிழில் ஒரு தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் பாடம், திரையில் ஒரு பெட்டியை வரவழைப்பது. செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார்.

"சார், மொதப் பாடத்துல ஒரு பெட்டி வரும்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன கலர்ல இருக்கும்?"

"வெள்ளைதாங்க. நாமளா மாத்தலன்னா வெள்ளைதான்."



"நான் நீலம்னு சொல்லிட்டேன் சார்."

2

'இளவரசன் பிறவியிலேயே பார்வை இல்லாதவன் அல்ல' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருந்தது. 'அரியலூர் பஸ் வளைவில் திரும்பியபோது' என்று இன்னொன்று. அன்று யாரும் பஸ்ஸில் போகவில்லை. விட்டுவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். இளவரசன் அரியலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து மொத்தமாகப் போயிற்று. வேலையும் போயிற்று. மனைவி மணிமொழி முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். (என்னைக் கூப்பிட்டவர் இவர்தான். போனில் அவர், கதைக்குள் அவள்.) இளவரசன் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ['பார்த்து' என்பதை அடிக்க வேண்டும். வேறு சொல் கிடைக்கவில்லை.]

பெரம்பலூரில் ஒரு சின்ன மென்பொருள் ஆபீஸில் இருந்த அவன் நண்பன் தர்மன்தான் சொன்னான்: "ஒண்ணே ஒண்ணு சொந்தமா எழுதிக் காட்டுடா. மொதலாளிகிட்ட நான் பேசறேன்."

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் உண்டு. அதைப் போட்டுத் தருவதாகவும் தர்மன் சொன்னான். "அது கண்ணு தெரியாதவங்களுக்குடா" என்று இளவரசன் மறுத்துவிட்டான்.

ஆகவே மணிமொழி படித்தாள். வேலைவிட்டு வந்ததும், கொட்டை எண்ணெய் பட்டுத் தோலுரிந்த விரலால் போனைத் தள்ளித் தள்ளி என் பாடத்தை வாசித்தாள். அவன் கீபோர்டில் தட்டினான். ஓட்டிப் பார்க்கும் விசையை அமுக்கியதும் கேட்பான்.

"என்ன வந்திருக்கு?"

"செவப்புல ஏதோ வந்திருக்குங்க."

"எழுத்தெழுத்தாச் சொல்லு."

சொல்வாள். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கும். அதைப் போட்டால் வேறொரு பிழை சிவக்கும். கல்யாணமானதிலிருந்து அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து சிவப்பே வந்துகொண்டிருந்தது. மத்தியானம் அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"போதும் மணி. கம்ப்யூட்டரக் கட்டி வச்சிரு. வித்துரலாம்."

"இன்னும் ஒரேவாட்டி அமுக்குங்க."

அமுக்கினான். சிவப்பு.

"வந்துருச்சுங்க!" என்றாள் மணிமொழி.

[இங்கே வெகுநாள் நின்றுவிட்டேன். அவள் முன்பே தீர்மானித்திருந்தாளா? பிறகு கேட்டபோது, "இல்ல சார், வாயில வந்துருச்சு" என்றார்.]

"நெசமாவா? எப்படி இருக்கு?"

"பெட்டிங்க. நீலமா. மயில் கழுத்துக் கலரு."

அவன் சிரித்தான். கண் போனபிறகு முதல்முறையாக. எழுந்து திரையைத் தடவினான். "எங்க, இங்கயா?" அவள் அவன் கையைப் பிடித்து நடுவில் வைத்தாள்.

4

மறுநாள் பெட்டிக்குள் ஒரு பொத்தான் வைத்தான். வந்துச்சா? வந்துச்சுங்க. பொத்தானை அமுக்கினால் அவன் பெயர் தெரிய வேண்டும். தெரிந்தது என்றாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். ஆனால் அவன் வயிறாரச் சாப்பிட்டான், தானாகவே சவரம் செய்துகொண்டான். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். திரையில் சிவப்பு வரிகள் மட்டும் கூடிக்கொண்டே போயின. அந்த நாட்களில் ஒன்றில்தான் எனக்குப் போன் வந்தது.

அடுத்த வாரம் இளவரசனே தர்மனை வரவழைத்தான்.

"அந்தப் பேசற சாப்ட்வேரப் போட்டுக் குடுறா. இனிமே வேலைக்கு வேணும்ல?"

கண் திரும்பாது என்பதை அவன் ஒத்துக்கொண்டது அன்றுதான். மணிமொழி கதவருகில் நின்றாள். வாயைத் திறந்தாள், [

தர்மன் போட்டுக் கொடுத்தான். இளவரசன் விசையை அமுக்கினான். தட்டையான குரல் ஒன்று பிழைகளை ஒவ்வொன்றாகப் படித்தது. மறுபடி அமுக்கினான். மறுபடி படித்தது.

"மொதல்லேர்ந்தே வரலயாடா?"

தர்மன் மணிமொழியைப் பார்த்தான். "சின்ன அடைப்புக்குறிதான்டா. இப்ப சரியாயிடும்."

சரியாயிற்று. பெட்டி வந்தது. வெள்ளையாக.

5

முடிவு அ: அவன் கீபோர்டைத் தூக்கி எறிகிறான். இல்லை, அவன் அப்படிப்பட்டவன் அல்ல.

முடிவு ஆ: "எனக்கு அப்பவே தெரியும் மணி" என்று அவள் கையைப் பிடித்து... எழுதும்போதே எனக்குக் கூசியது.

நடந்தது இவ்வளவுதான். அவன் கோபப்படவில்லை. வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி பெரம்பலூர் வேலை கிடைத்தது. காதில் ஹெட்போன். அவளிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டான். குழம்பில் என்ன காய் என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் வரும்போது, "அங்கமுத்து அண்ணன் வந்திருக்காங்க" என்று அவள் சொன்னால் முகம் திரும்புவதில்லை. அங்கமுத்து வாய்திறந்து, "என்னப்பா இளவரசு" என்ற பிறகுதான், "வாங்கண்ணே" என்கிறான்.

"ஒரு வார்த்தை திட்டியிருந்தா பரவால்ல சார்" என்றார் மணிமொழி போனில்.

6

கடைசியாகப் பேசியபோது சொன்னது இது. சாயங்காலம், கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

"மழை வர்றாப்ல இருக்குங்க. துணிய எடுத்துட்டு வரேன்."

அவன் ஹெட்போனைக் கழற்றினான். எழுந்து, தடவிக்கொண்டே போய், ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினான்.

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. ஒரு வரைவில் அவன் உள்ளங்கையில் ஒரு துளியை விழவைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். விழுந்தால், அவள் சொன்னது அந்த ஒரு தடவை உண்மை என்றாகும். அடுத்த தடவையும் அவன் கையை நீட்டத்தானே செய்வான்? விழாவிட்டால்

கை வெளியேதான் இருக்கிறது. அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். மழையை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.