வண்டி நின்ற காரணம்

"பூவோட உள்பக்கம் என்ன நிறம்?" என்று மேலதிகாரி கேட்டதும் செடி சேகரிப்பவள் தன் குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். அறுபது வருடமாக யார் கண்ணிலும் படாத செடியை மலைக்காட்டுச் சாலையோரம் கண்ட பூரிப்பில், ஒரு பூங்கொத்தைத் தாளுக்குள் அழுத்தியவள் நிறத்தை எழுத மறந்துவிட்டாள். காய்ந்தபின் எல்லாம் பழுப்பு. உள்ளே ஊதா என்று உறுதியானால்தான் அது அந்த அபூர்வச் செடி.

"கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளை முகத்தைப் பாக்காம வந்திருக்கியேம்மா" என்றார் மேலதிகாரி.

அப்போது அவளை மலைக்கு அழைத்துப் போன ஜீப் ஓட்டுநர் வண்டியின் பயணக் குறிப்பேட்டை மேசைமேல் விரித்தார். 'வண்டி நின்ற காரணம்' என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்: "வெள்ளைப் பூ, உள்ளே ஊதா. தங்கச்சி சந்தோஷத்துல அழுதுச்சு. அரை மணி நேரம்."

"அண்ணே..." என்று அவள் கைகூப்பினாள். அவர் கூச்சத்தோடு தலையசைத்துவிட்டு வெளியே போனார்.