நுரைக்காத தண்ணீர்

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மாப்பிள்ளைக்குச் சவரம். எங்கள் குடும்பங்களில் சவரச் சாமானைத் தட்டில் வைத்துக் கொண்டுபோக வேண்டியவன் பெண்ணின் தம்பி. அக்கா பிரீனாவுக்கு நான் ஒருவன்தான் தம்பி, வேறு வழியில்லை.

மாப்பிள்ளை ஜெபிஷ் தோஹாவிலிருந்து வாட்ஸப்பில் ஆணை அனுப்பியிருந்தார். நுரை கெட்டியாக நிற்க வேண்டுமாம், வீடியோவில் தெரிய வேண்டுமாம். பிரஷ் பேட்ஜர் முடியில்தான் இருக்க வேண்டுமாம். அது எந்தப் பிராணி என்று கேட்டால் முழித்திருப்பார்.

எனக்கு இதில் கொஞ்சம் விவரம் உண்டு. கால் சென்டரில் நைட் ஷிஃப்ட் வேலை பார்த்த எட்டு மாதமும் இடைவேளைகளில் சவர வீடியோக்களைத்தான் பார்த்தேன். வேலையை விட்டபோது மிச்சமிருந்தது அந்த அறிவு மட்டும். மூன்று சோப்பு வாங்கிப் பார்த்தேன். ட்யூப் கிரீம் உடனே பொங்கி உடனே செத்தது. சந்தன சோப்பில் வாசனையைத் தவிர ஒன்றுமில்லை. கொழுப்பு அதிகமுள்ள கட்டி சோப்புதான் தேறியது. பேட்ஜர் முடி மெத்தென்று படுத்துவிடும், கட்டி சோப்பைத் தேய்த்தெடுக்க விறைப்பு வேண்டும் என்று பன்றி முடி பிரஷ் எடுத்தேன். புதிதில் அது நாறும். ஐந்து நாள் நுரைத்துக் கழுவினேன். குலசேகரத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நுரை தோசை மாவு மாதிரி நின்றது.

புறப்படும்போது பிரீனா தனியாகக் கூப்பிட்டாள்.

“ஏலே, அங்க போயி வாயத் தொறக்காத. நீ சொல்லிட்டு வந்திருவ. நானாக்கும் அங்க கெடக்கணும்.”

சரி என்றேன்.

குளச்சலுக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. கடல் கூப்பிடு தூரம். வாசலில் பந்தல், நாற்காலி, இரண்டு கேமரா. சலூன்காரர் கத்தியோடு நிற்க, ஜெபிஷ் பிரஷ்ஷை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நுரை எப்படி எடுப்பது என்று ஊருக்குக் காட்டப் போகிறாராம். வீட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றி பிரஷ்ஷைச் சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். கிண்ணத்தில் மோர்த்தண்ணீர் மாதிரி ஏதோ ஓடியது. ஓரத்தில் அழுக்கு திரிதிரியாக ஒட்டியது. கேமராக்காரன் லென்ஸைப் பந்தல் பூவுக்குத் திருப்பினான்.

டூப்ளிகேட் சோப்பு என்றார் மாப்பிள்ளை. ஒரு சோப்புகூடப் பார்த்து வாங்கத் தெரியாத குடும்பம் என்றாள் அவருடைய அம்மா சத்தியபாய். பந்தலில் இருந்த கூட்டம் என்னைப் பார்த்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வேனில் குடிக்க வைத்திருந்த இரண்டு கேன் கிணற்றுத் தண்ணீரில் ஒன்றைக் கொண்டுவந்து கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் கழுவி, கொஞ்சம் ஊற்றினேன். ஜெபிஷ் மறுபடி சுற்ற, நுரை எழும்பி நின்றது.

“பாத்தியளா, சுத்துற விதத்துல இருக்கு” என்றார் ஜெபிஷ், கேமராவைப் பார்த்து.

அதையும் விழுங்கியிருப்பேன். எட்டு மாதம் முட்டாள்களுக்கு ‘சார்’ சொன்ன வாய்தான் இது. ஆனால் சத்தியபாய் நிறுத்தவில்லை. மூத்த மருமகள் ஜெஸ்பின் ரெண்டு வருஷமாக வைக்கிற பருப்பு கல்லுக்கல்லாக் கிடக்கிறதாம். வருகிறவளுக்காவது ஒழுங்காக வேகவைக்கத் தெரியுமா என்று என்னிடமே கேட்டாள். அடுக்களை வாசலில் நின்ற ஜெஸ்பின் தலையைக் குனிந்துகொண்டாள். நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப்போவது பிரீனா.

“மாமி, சோப்புலயும் கொறையில்ல, அத்தான் சுத்துனதுலயும் ஒண்ணுமில்ல” என்றேன். “உங்க போர் தண்ணி உப்பு. அதுல நுரையும் வராது, பருப்பும் வேவாது. யாரு வச்சாலும் வேவாது.”

பாதி முகம் நுரையோடு ஜெபிஷ் எதிர்ச் சுவரைப் பார்த்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஜெஸ்பின் படியிறங்கி நேரே எங்கள் வேனுக்குப் போனாள். இரண்டாவது கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குத் திரும்பினாள்.

சாப்பாட்டுப் பந்தியில் இருக்கும்போது பிரீனா போன் செய்தாள்.

“வாயத் தொறந்தியா?”

“தொறந்தேன்” என்றேன். “இங்க பருப்பு வெந்துட்டு.”